மத்தியானத்து ஸ்டேஷன்

"வீடியோ கால்ல வாங்க. உங்க மூஞ்சியப் பாக்கணும்."

கிருபா கேட்டேவிட்டாள். நிச்சயம் ஆன நாளிலிருந்து, மாப்பிள்ளையிடம் கேட்கவே கூடாது என்று அம்மா ஆராயி சொல்லி வைத்திருந்த ஒரே விஷயம் அதுதான். வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டிருந்த ஆராயி, சொம்பை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மஸ்கட்ல கேம்ப்புக்குள்ள கேமரா போடக் கூடாது கிருபா. கம்பெனி ரூல். எத்தினி வாட்டி சொல்றது?" போனில் ராஜவேல் சிரித்தான். "ஆவணியில கல்யாணம். அப்புறம் நீயும் இங்கதான்."

"வானூர் லேப்ல இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சேரணும். இல்லன்னா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"அதான் வேணாம்னுட்டேனே. மஸ்கட் வரப் போறவளுக்கு எதுக்கு வானூரு?"

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி வாங்கிய டிகிரி. அதற்கு வந்த முதல் ஆர்டர், அலமாரியில் அப்பாவின் பழைய ரேடியோவுக்கு அடியில் மடித்துக் கிடந்தது. கிருபா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். உச்சி வெயிலில் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

நாலு மாதமாக அந்த ரேடியோதான் அவளுக்கு மஸ்கட். இருட்டியதும் முள்ளை மெல்ல நகர்த்துவாள். இரைச்சலுக்கு நடுவே ஓர் அரபிக் குரல் அலைபோல ஏறும், இறங்கும். ஒரு வார்த்தை புரியாது. அவன் இருக்கிற திசையிலிருந்து வருகிறது, அது போதும். காதோரம் வைத்தபடியே தூங்கிப்போவாள். விடிந்தால் அந்தக் குரல் கரைந்துவிடும். பகலெல்லாம் தேடினாலும் கிடைக்காது. அப்போது எதிர்க்கரை இலங்கை ஸ்டேஷன் மட்டும், உப்புத் தண்ணீர் மேலேயே நடந்து வந்ததுபோல மெதுவாகக் கேட்கும். இப்போதும் அதுதான் பாடிக்கொண்டிருந்தது.

"உன் பக்கத்துல பாடறது இலங்கை ஸ்டேஷன்தான?" ராஜவேல் குழைந்தான். "என் ரேடியோலயும் அதேதான் ஓடுது."

"நெஜமாவா? போன் ஆப்லயா?"

"ஆப்பா! ரூம்மேட்டோட பழைய பொட்டி. கேளு, கேளு."

கேட்டது. அதே பாட்டு, அதே வரி, அதே இரைச்சல். ஒரு காதில் அவனுடைய ரேடியோ, இன்னொரு காதில் அவளுடையது. கிருபா கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு முடிகிறவரை அசையாமல் நின்றாள்.

"பாத்தியா? நடுவுல இவ்ளோ கடல் இருந்தும் ரெண்டு பேரும் ஒரே பாட்டுல இருக்கோம். இதுக்கு மேல எதுக்கு வீடியோ?"

"வேணாங்க," என்றாள் கிருபா. "இனிமே வேணாம்."

போனை வைத்தாள்.

"அப்பாடா, இப்பவாச்சும் புத்தி வந்துச்சே," என்றாள் ஆராயி.

கிருபா விரலிலிருந்த நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி ரேடியோ மேல் வைத்தாள். அடியிலிருந்த ஆர்டரை உருவிப் பைக்குள் போட்டாள். செருப்பை மாட்டினாள்.

"எங்கடி கெளம்பிட்ட, இந்த வெயில்ல?"

"வானூருக்கு. வேலையில சேர. மோதிரத்த அவங்க வூட்ல குடுத்துடும்மா."

"அடிப்பாவி! மஸ்கட் மாப்பிள்ளைடி!"

கிருபா வெயிலில் இறங்கி நடந்துகொண்டே சொன்னாள்:

"அவ்ளோ தூரம் ரேடியோ எடுக்கறது ராத்திரியிலதாம்மா. இந்த உச்சி வெயில்ல அவரு ரேடியோலயும் இலங்கை ஸ்டேஷன் கேக்குதுன்னா, உன் மாப்பிள்ளை நம்ம கடலோரத்துலதான் எங்கியோ உக்காந்துனு இருக்காரு!"