தீபாவளிக்கு ஏரிக்கரை

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில், எதிர்வீட்டுப் பூங்கொடி தீபாவளிக்கு வேடந்தாங்கல் போகிறாள் என்று கேட்டதிலிருந்து அமிர்தவல்லிக்கு வயிறு எரிந்தது. ஏரியைப் பார்த்த அறையாம், சுற்றிலும் மரங்களாம்!

"அவ ஜாலியா சுத்துவா, நான் இங்க வடை சுட்டுகினு கெடக்கணுமா?" என்று கணவனைக் குடைந்தெடுத்து, அதே விடுதியில் பக்கத்து அறையைப் பிடித்துவிட்டாள். அப்போதும் மனசு ஆறவில்லை. போன வருஷம் தெருவையே அதிரவைத்த அதே பத்தாயிரம் வாலா சரவெடியை இந்த வருஷமும் வாங்கினாள்.

தீபாவளிக்கு முந்தின நாள், பூங்கொடி கணவனோடும் குழந்தையோடும் ஆட்டோவில் ஏறும்போது அமிர்தவல்லி அதைத் தூக்கிக் காட்டினாள்.

"நாங்களும் அங்கதான் வர்றோம்டி! ஏரிக்கரையில இத்தக் கொளுத்தினா எப்டி இருக்கும்?"

பூங்கொடி திகைத்தாள். "அப்போ தீபாவளிக்கு நீங்க வூட்ல இருக்கமாட்டீங்களாக்கா?"

"ஏன், நாங்க மட்டும் இன்னா கொறைச்சலா?"

பூங்கொடியின் முகம் மலர்ந்தது. "ஏங்க, பையெல்லாம் எறக்குங்க!" என்று கணவனிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"பறவைங்க மெரளும்னு அந்த ஊர்ல யாருமே பட்டாசு வெடிக்கமாட்டாங்கக்கா. போன வருஷம் உங்க சரவெடியில பாப்பாவுக்கு ஜுரமே வந்துடுச்சு. அதான் அங்க ஓடப் பாத்தோம். நீங்களே போறீங்கன்னா, எங்களுக்கு வூடே போதும்."