தனி ஆளுக்கு ஓடாத ஏசி

தில்லைநாயகி தனியாக வசிக்கும் வீட்டுக்குள் மெக்கானிக் ரெஜினா நுழைந்ததும், நின்றிருந்த ஏசி ஓடத் தொடங்கியது. அவள் வாசலுக்குப் போனதும் நின்றது.

“ரிப்பேர் இல்லம்மா, புதுச் சட்டம். தனி ஆளுக்கு ஓடாது. ரெண்டு பேராவது இருக்கணும்.”

“அப்ப நீயே இங்க தங்கிடு,” என்றார் தில்லைநாயகி.

“நல்லாருக்கே! எதிர்வீட்டு குணசுந்தரியம்மாவும் தனியாத்தானே புழுங்குறாங்க? கூப்பிடுங்க.”

“அவகிட்ட பேசியே ஆறு வருஷமாச்சு. வெந்தாலும் கூப்பிட மாட்டேன். வேணும்னா கதவைத் திறந்து வைக்கிறேன்.”

மறுநாள் ஏசி அளவுக்கு மீறிக் குளிர்கிறதென்று அதே வீட்டிலிருந்து புகார். ரெஜினா போனபோது, சோபாவின் இரு முனைகளிலும் இரண்டு பெண்மணிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“ரிமோட்ல குளிரைக் குறைக்கலாமேம்மா?”

“அது அவ பக்கத்துல கிடக்கு. நான் எப்படிக் கேட்பேன்?”

“கேட்டாத்தான் தருவேன்னு சொல்லும்மா,” என்றார் குணசுந்தரி, பற்கள் தந்தியடிக்க.