மூன்று தட்டு மேடை

மாதா கோயில் திருவிழாவுக்காக ஒரு பழைய ஆங்கிலக் காப்பியத்தை நாடகமாக்கியிருந்தார் சேசையா வாத்தியார். சவுக்குக் கம்பு கட்டி மூன்று தட்டாக மேடை: உச்சியில் பரலோகம், நடுவில் பூமி, அடியில் முன்பக்கம் திறந்த நரகம். எந்த வருஷ நாடகமானாலும் மேலத்தெருக்காரர்களுக்குத் தேவதூதர் வேஷம், கீழத்தெருக்காரர்களுக்குப் பிசாசு வேஷம். முதல் காட்சியில், கடவுளை எதிர்த்த தூதர்கள் பரலோகத்திலிருந்து நரகத்தில் வந்து விழவேண்டும். ஒத்திகையில், சாத்தான் வேஷக்காரன் இன்னாசி ஏணியில் கால் வைத்தான்.

“அவன் எதுக்கு வாத்தியாரே மேல ஏறுதான்?” என்றார் மேலத்தெருப் பெரியவர் தொம்மை.

“மேல இருந்தாத்தானே விழ முடியும்?”

“விழுந்துட்டேன்னு வாயால சொன்னாப் போதும்.”

வாத்தியார் பேனாவை எடுத்து அந்தக் காட்சியை அடித்துவிட்டார்.

திருவிழாவன்று இன்னாசி நரகத்தில் குனிந்தே நின்றான். மேலே தூதர்கள் நடக்கும்போதெல்லாம் பலகை இடுக்குகள் வழியாக மண் அவன் தலையில் கொட்டியது. ‘வானத்திலிருந்து வீழ்ந்தேன்’ என்பதுதான் அவனுடைய முதல் வசனம். மைக்கைப் பிடித்தான்.

“நான் எங்கேருந்தும் விழல,” என்றான். “இங்கனதான் பொறந்தேன்.”