மருதாசலம் சொன்ன வானிலை

"நாலு மணிக்குக் கனமழை வருதுங்க. மக்காச்சோளத்தை மூடி வையுங்க!" மைக்கில் மூன்றாம் முறையாகக் கெஞ்சினார் வேளாண் அதிகாரி கனகம்.

ஊரின் மொத்த விளைச்சலும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் அசையவில்லை.

"வெயிலு மண்டையப் பொளக்குதுங்க மேடம். உங்க சேட்டிலைட்டுக்குக் கண்ணு தெரியலீங்களா?" என்றாள் பாப்பாயி. களமே சிரித்தது.

களத்தோரம் உட்கார்ந்திருந்த உள்ளூர் விவசாயி மருதாசலம் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "ஏனுங்க, நாஞ் சொல்றேன். இன்னைக்கு ஒரு பொட்டு மழை வராது. எல்லாரும் போய்த் தூங்குங்க!"

கனகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "இப்படிக் கெடுத்துப்போட்டீங்களே!"

அதற்குள் பாப்பாயி அலறினாள். "ஐயோ, மருதாசலண்ணன் வராதுன்னு சொல்லிப்போட்டாரு! தார்ப்பாயை எடுங்க, ஓடுங்க!"

பத்தே நிமிடத்தில் களம் முழுவதும் மூடியாகிவிட்டது. மழையும் மரியாதையாக நாலு மணிக்கே வந்து கொட்டியது.

நனைந்துகொண்டே சிரித்தார் மருதாசலம். "இருவது வருசமா நாஞ் சொன்னது ஒண்ணுகூடப் பலிச்சதில்லீங்க மேடம். ஊருக்கே அது தெரியும்."

கனகமும் சிரித்துவிட்டார். "அடுத்த மழைக்கும் வந்து சொல்றீங்களா?"

"வாரனுங்க. ஆனா ஒருக்காக்கூட எம்பேச்சு பலிச்சிரக் கூடாது. அப்புறம் ஒருத்தரும் என்னைய நம்ப மாட்டாங்க!"