கைப்பிடி இல்லாத கதவு

கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் மாலை வெயில் பெரிய மாடிப்படியின் பளிங்கில் வழிந்துகொண்டிருக்கிறது. பச்சைப் பூத்தாள் ஒட்டிய சுவரில் வேலைக்காரர்களுக்கான கதவு ஒளிந்திருக்கிறது. கதவின் மேலும் அதே தாள், அதே பூங்கொடி. இந்தப் பக்கம் கைப்பிடிகூடக் கிடையாது. ஆளில்லை என்று நினைத்து, விருந்தாளியாக வந்திருக்கும் கர்னலின் அறைக்கான வெந்நீர்க் கூஜாவோடு வெளியே வந்துவிட்டாள் டோர்கஸ். கதவு பின்னால் சாத்திக்கொள்கிறது. எதிரே எஜமானி லேடி வெனிஷியா, கூடவே கர்னல். எஜமானர்கள் எதிர்ப்பட்டால் வேலைக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அவர்கள் போகும்வரை அசையக் கூடாது. திரும்பி நிற்கிறாள். செம்புக் கூஜா கையைச் சுடுகிறது. “இந்தச் சுவர்ல ஒரு கதவு இருக்கு, கர்னல். கண்டுபிடிங்க பாப்போம். அவசரமே இல்ல,” என்று எஜமானி மாடிப்படிக் கம்பியில் சாவகாசமாகச் சாய்ந்துகொள்கிறாள்.

கர்னல் கைத்தடியால் சுவரைத் தட்டிக்கொண்டே வருகிறார். டொக். டொக். நடுவில் நின்று, கூரையில் தொங்கும் சுதைத் திராட்சைக் குலைகளை அண்ணாந்து ரசிக்கிறார். மறுபடி டொக். டோர்கஸின் விரல்கள் வெளுக்கின்றன. கூஜா சாய்ந்து வெந்நீர் மணிக்கட்டில் வழிகிறது. அவள் மூச்சைக்கூட வெளியே விடவில்லை. தடி அவள் காதோரம் தட்டுகிறது. அங்கே சுவர் உள்ளே வெற்றாக ஒலிக்கிறது.

“பிடிச்சுட்டேன்! இந்த வீட்டைக் கட்டின உங்க தாத்தா பலே ஆளுதான்.”

“வீடு முழுக்க வேலைக்காரங்க. ஒருத்தராவது உங்க கண்ல பட்டாங்களா?”

காலடியில் ஆவி பறக்கும் ஈரத்தைக் கர்னல் பார்க்கிறார். “இதோ, இங்க ஒரு பொண்ணு நிக்கிறாளே?”

எஜமானி டோர்கஸின் முதுகை நிதானமாகப் பார்க்கிறாள்.

“எங்க?”