முட்டை ஊற்றும் முன்

“அந்த டப்பாவைக் கீழ வை, வெர்னா! அதுக்குள்ள என்ன இருக்குன்னு செஞ்சவனுக்கே தெரியாது.”

“கோழிச் சாறுய்யா. டப்பா மேலயே எழுதியிருக்கு.”

“எழுதுறவன் ஆயிரம் எழுதுவான். காலையிலேர்ந்து வான்கோழிக் கழுத்தையும் ஈரலையும் கொதிக்கவிட்டிருக்கேனே, அது எதுக்கு? மூஞ்சி கழுவவா?”

வெர்னா சிரித்துக்கொண்டே டப்பாவை அலமாரிக்குள் வைத்தாள். அவள் கதவைச் சாத்துகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டுத்தான் டெல்பர்ட் வெங்காயத்துக்குத் திரும்பினார்.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று பகல் ஒரு மணி. சாப்பாடு மூன்று மணிக்கு. வான்கோழி அடுப்பில் சிவந்துகொண்டிருந்தது. மகள் ரோண்டா குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தாள். முன்னறையில் அவள் புருஷனும் பிள்ளைகளும் டிவியில் ஃபுட்பால் பார்த்துக் கூரை பறக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மிச்சம் இருந்தது வான்கோழியோடு பரிமாறும் டிரெஸ்ஸிங் மட்டும். ரொட்டியும் வெண்ணெயும் வெங்காயமும்தான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் இண்டியானாவில் சாவு வீட்டுத் துக்கம்கூட நாலு நாளில் ஆறிவிடும், கெட்டுப்போன டிரெஸ்ஸிங்கை நாலு வருடம் பேசுவார்கள்.

“இந்த வருஷம் அவரே செய்யட்டும். நான் ருசி பார்த்துட்டுச் சொல்றேன்” என்று ரோண்டா போன வாரம் போனில் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து டெல்பர்ட்டுக்குச் சரியான தூக்கம் இல்லை.

“அவளுக்குப் பிடிக்கலைன்னா?” என்று கேட்டார்.

“மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. என் பொண்ணாச்சே.”

“சொன்னா?”

“உனக்குத்தான் நிம்மதி. அடுத்த வருஷம் இந்நேரம் காலை நீட்டிட்டு டிவி பாரு.”

சொல்லிவிட்டு வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாய்தான் கேலி பேசியது, முகத்தில் சிரிப்பைக் காணோம்.

டெல்பர்ட் வெங்காயத்தையும் செலரித் தண்டையும் வெண்ணெயில் போட்டு வதக்கினார். வீடே மணந்தது.

“பெரிய பாத்திரம் எங்க?”

“ரெண்டாவது அலமாரி. அதில்ல, இந்தப் பக்கம். ஆம்பளைங்களுக்கு எது எங்க இருக்குன்னு எப்பத்தான் தெரிஞ்சிருக்கு!”

காய்ந்த ரொட்டித் துண்டுகளைக் கொட்டினார். வதக்கியதைச் சேர்த்தார். சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிப் புரட்டினார். பிறகு காய்ந்த சேஜ் இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தூவ ஆரம்பித்தார்.

“போதும், நிறுத்து! கசாயம் மாதிரி ஆயிடப்போகுது.”

“சேஜ் இல்லாம ரொட்டியைத் தின்னா அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு.” இன்னொரு கை தூவினார்.

“வாயில வெச்சுப் பார்த்தியா?”

“நான் செஞ்சது என் நாக்குக்கு நல்லாத்தான் இருக்கும். அதை எப்படி நம்புறது?”

இனி முட்டைதான் பாக்கி. பச்சை முட்டையை ஊற்றிவிட்டால் வேகும் வரை யாரும் வாயில் வைக்க முடியாது. ருசி பார்ப்பதானால் இப்போதே பார்க்க வேண்டும்.

“ரோண்டா!” என்று வெர்னா குரல் கொடுத்தாள்.

முன்னறையில் டிவி சத்தம் பட்டென்று நின்றது. வாசற்படியில் நாலு தலைகள் எட்டிப் பார்த்தன.

ரோண்டா வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவள் ஒரு பார்வை பார்த்தால் அறுபது பிள்ளைகள் வாயை மூடும். கரண்டியை எடுத்தாள், அள்ளினாள், மெல்ல மென்றாள்.

“ரொட்டி கத்தியில வெட்டுனதா?”

“கையால பிச்சது. மூணு நாள் காயவெச்சேன்,” என்றார் டெல்பர்ட்.

“சாறு டப்பாவா?”

“டப்பாவா? என்னை யாருன்னு நெனச்சே!”

வெர்னா கூரையைப் பார்த்தாள்.

“சேஜ் தூக்கல்,” என்றாள் ரோண்டா.

டெல்பர்ட்டின் தோள் இரண்டும் தொங்கிப்போயின. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்ல வாயெடுத்த வெர்னா சொல்லாமல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரோண்டா இன்னொரு கரண்டி அள்ளினாள். அப்புறம் இன்னொன்று. நாலாவதற்குக் கை போனபோது வெர்னா பாத்திரத்தைப் பிடித்து இழுத்தாள்.

“மத்தவங்களுக்கும் வேணும்டி!”

“முட்டையை ஊத்துங்க,” என்றாள் ரோண்டா.

வாசற்படியில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். டெல்பர்ட் முட்டையை உடைத்தார். ஓடும் ஒரு துண்டு உள்ளே விழுந்தது. விரலை விட்டு எடுத்தார். யாரும் திட்டவில்லை. வெர்னா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

ரோண்டா கையைக் கழுவித் துடைத்து, டெல்பர்ட் முன்னால் நீட்டினாள்.

“எங்கப்பா உயிரோட இருந்தப்ப செஞ்ச மாதிரி வராது. பரவாயில்ல, எங்கம்மாவை நீங்க கட்டிக்கலாம்.”