உள்ளே நோயாளி மட்டும்

அறையில் இருந்தவர்கள்: இயற்பியலாளர், அவர் மனைவி, டாக்டர், மெஷினை இயக்கும் நான்.

வாரக்கணக்கில் பிரித்துக் கொடுக்கும் கதிர்வீச்சை ஒரே நொடிக்குள் புற்றுக்கட்டியின் மேல் பாய்ச்சும் புதிய துகள் முடுக்கி அது. இயற்பியலாளரின் உருவாக்கம். மனித உடம்பில் இன்றுதான் முதல் தடவை.

“கதிர் அரை சதவீதம் கூடுதலாக் காட்டுது. மறுபடி அளந்து பாரு,” என்றார் அவர்.

“அளந்தாச்சு சார். நீங்க போட்ட வரம்புக்குள்ளதான் இருக்கு.”

“வீட்டுல உப்புக்கும் இதே பாட்டுதான் தம்பி,” என்றாள் மனைவி.

டாக்டர் அவளிடம் திரும்பினார். “பயமா இருந்தா சொல்லுங்கம்மா. பழைய முறையிலேயே பண்ணிக்கலாம்.”

“எனக்கென்ன பயம்? ராத்திரி பூரா தூங்காம புரண்டது இவருதான்.”

“தள்ளிப்போட வேணாம். என் மெஷினை நான் நம்புறேன்,” என்றார் இயற்பியலாளர்.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. கடைசியாக வெளியேறுபவர் அறையைச் சுற்றிப் பார்த்து, ‘உள்ளே நோயாளி மட்டும்’ என்று உரக்கச் சொன்ன பிறகுதான் கதவை மூடலாம். எந்த மெஷினானாலும் அதைச் சொல்பவர் இயற்பியலாளர்தான். வேறு யாரையும் விடமாட்டார்.

டாக்டர் வெளியே போனார். மனைவி, கணவரின் கைக்கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

இயற்பியலாளர் சட்டையைக் கழற்றிவிட்டு, மெஷினுக்குக் கீழே இருந்த மேசையில் ஏறிப் படுத்தார்.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

“உள்ளே நோயாளி மட்டும்.”

“காதுல விழல,” என்றார், படுத்தபடியே. “உரக்கச் சொல்லு.”

சொன்னேன். கதவு எனக்குப் பின்னால் மூடிப் பூட்டிக்கொண்டது.